மூன்றாவது துறைமுகம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், மாமா, வாண்டுகள் இரண்டும் சுகம். மாமாவுக்கு மட்டும் கடைவாய்ப் பல் தொல்லை. பல் டாக்டரிடம் போகச் சொன்னால் வீட்டைச் சுற்றி நடக்கிறார். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நேற்று முழுக்க உன் சுற்றுலாக் கப்பல் எங்கள் கொட்டகைக்கு நேர் எதிரே நின்றது. நீ அதற்குள் எங்கேயோ போர்வை மடித்துக்கொண்டிருந்தாய். அறைச் சிப்பந்திகள் கரையிறங்கக் கூடாது என்று உங்களுக்கு விதி. கப்பல் படியில் கால் வைக்கக் கூடாது என்று எங்களுக்கு விதி. கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் நீ 'ம்' கொட்டுவதற்கு மேல் எதுவும் பேசுவதில்லை. கப்பல் ஏஜென்ட் அலுவலகத் தபால் பையில் போட்டால் அடுத்த துறைமுகத்தில் உன் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள்.

பயணிகளுக்கு நாங்கள் பரிசோதனை செய்யும் இடம் பழைய சரக்குக் கொட்டகை. தரையில் மஞ்சள் டேப், தலைக்கு மேல் பெரிய மின்விசிறி. ஜனங்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சிரித்துக்கொண்டு வருவார்கள். மூக்கில் குச்சியை விட்டதும் எல்லோர் முகமும் ஒன்றுபோல ஆகிவிடும். குச்சியைக் குழாயில் போட்டு அவரவர் கையில் கொடுப்போம். அவரவர் பெயர் அச்சடித்த ஸ்டிக்கரை அவரவரே ஒட்டித் தட்டில் வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார வேண்டும். காய்ச்சல் கிருமி இல்லை என்றால் பச்சைச் சீட்டு, கப்பல் ஏறலாம். இருந்தால் துறைமுக விடுதியில் தனியறை.

நேற்று ஒரு தம்பதி. அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அந்த அம்மா தையல் வேலை. அவருக்குக் கிருமி இருப்பதாக வந்தது, அம்மாவுக்கு இல்லை. இப்படி வந்தால் சத்தம் போடுவார்கள், அழுவார்கள். இவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த அம்மாதான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டு நின்றுவிட்டார்.

"நீங்க இல்லாம நான் எப்படிங்க போறது?"

"கப்பல் அது பாட்டுக்குப் போகும். நீ உக்காந்திரு, போதும்."

அந்த அம்மா போய்விட்டார். வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் அறை உன் தளத்தில் என்று கேள்விப்பட்டேன். தனியாக எங்கும் போய்ப் பழக்கமில்லாதவர் போலிருக்கிறது. ஒரு கண் வைத்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். மாமாவின் பல்லைக் கேட்டதாகச் சொல். வாண்டுகளுக்கு இங்கே கப்பல் கடையில் ஒரு தொப்பி வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்றுதான் கிடைத்தது, அடித்துக்கொள்ளட்டும்.

தையல்காரம்மா என் பொறுப்பில்தான் இருக்கிறார். நான் போவதற்குள் படுக்கையை மடித்து, துண்டை உலர்த்தி, தரையையும் துடைத்துவிடுகிறார். என் பிழைப்பில் மண் போடுகிறீர்களே என்றேன். சிரித்துவிட்டு என் சட்டையில் தொங்கிய பொத்தானைத் தைத்துக் கொடுத்தார். வெளியே அதிகம் வருவதில்லை. வெந்நீர் மட்டும் அடிக்கடி கேட்கிறார், ஃபிளாஸ்க்கை நிரப்பிக் கொடுக்கிறேன். கப்பலில் ஏசி காற்று எல்லோருக்குமே தொண்டையைப் பிடிக்கும்.

அவர் எல்லா ஊருக்காகவும் வரவில்லை. மூன்றாவது துறைமுகத்துக்காக மட்டும் வந்திருக்கிறார். அங்கே அவர் மகள் பஸ் ஓட்டுகிறாளாம். கப்பலில் இறங்குகிறவர்களை ஊருக்குள் கொண்டுபோகும் பஸ். டிரைவர் ஐயா வேலையின் கடைசி வருஷங்களில் டிப்போவில் ஓட்டுநர் தேர்வு வைக்கும் அதிகாரியாக இருந்திருக்கிறார். மகள் தேர்வுக்கு வந்தாள். பின்பக்கமாக வண்டியைத் திருப்பும்போது ஒரு கம்பைத் தட்டிவிட்டாள். ஃபெயில் போட்டுவிட்டார். மற்றவர்களுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு உண்டாம், மகள் என்பதால் அதையும் தரவில்லை. அவள் அன்றைக்கே ஊரை விட்டுப் போனவள். அதற்குப் பிறகு அப்பாவோடு பேச்சில்லை.

இந்தப் பயணத்துக்கு முன்னால் அம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள்: "நீ வா, பார்க்கிறேன். அவர் வந்தா நான் சீட்டை விட்டு இறங்க மாட்டேன்."

இன்னும் எத்தனை நாள், இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வேலை மணி அடிக்கிறது. நிறுத்துகிறேன்.

தம்பி

பிப்ரவரி 12

தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. இது உன்னிடம் வருவதற்குள் செய்தி வயர்லெஸ்ஸில் கப்பலுக்கு வந்திருக்கும். யார் சொன்னது என்று அங்கே கேட்டால், நான்தான் சொன்னேன் என்று தெரிந்துகொள்.

விடுதியில் இருப்பவர்களுக்கு மறுபடி பரிசோதனை செய்வது என் வேலை. டிரைவர் ஐயாவுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. இரண்டு தடவை எடுத்தேன், கிருமியும் இல்லை. முதல் முடிவில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, மேலே எழுதிப்போடுகிறேன் என்றேன். உடனே கதவைச் சாத்தச் சொன்னார்.

"எழுதாதீங்கம்மா. ஸ்டிக்கரை நான்தான் மாத்தி ஒட்டினேன். எனக்குப் போன வருஷமே வந்து போயிடுச்சு. அவளுக்கு ரெண்டு நாளா இருமல். பரிசோதனையில மாட்டுவான்னு தெரியும்."

"எதுக்குங்க அப்படி?"

"ரெண்டு பேருல ஒருத்தர்தான் போக முடியும்னா, அவதான் போகணும். என்னைப் பாக்க எம்பொண்ணு வரமாட்டா."

கப்பலில் எவ்வளவு பேர் என்று யோசித்தீர்களா என்றேன். அந்தத் தளத்தில் என் தம்பி வேலை பார்க்கிறான் என்றேன். அப்போதுதான் முகம் மாறியது. "முன்னாடியே சொல்லியிருந்தா செஞ்சிருக்க மாட்டேனே" என்றார். நான் எதற்கு முன்னாடி சொல்ல வேண்டும்?

நான் இரண்டு நாள் பேசாமலிருந்திருந்தால் அந்த அம்மா மகளைப் பார்த்திருப்பார். டிரைவர் ஐயா அதைத்தான் கேட்டார். நான் நேராக சுகாதார அதிகாரியின் அறைக்குப் போய்விட்டேன்.

கப்பல் நடுக்கடலில் இருக்கிறது, உன் போன் கிடைக்கவில்லை. நீ அந்த அறைக்குள் எவ்வளவு நேரம் இருந்தாய்? மாஸ்க் போட்டிருந்தாயா? அந்த அம்மா இருமினாரா? உனக்கு உடம்பு எப்படி? கதையெல்லாம் வேண்டாம், இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா

பிப்ரவரி 24

தம்பிக்கு,

இங்கே சுகம். அங்கே எப்படி என்று தெரியவில்லை.

கப்பல் மூன்றாவது துறைமுகத்தைத் தாண்டிவிட்டது. உன் போன் அணைந்திருக்கிறது. ஏஜென்ட் அலுவலகத்தில் போய் நின்றேன். ஒரு பயணியையும் ஒரு சிப்பந்தியையும் அங்கே இறக்கிவிட்டார்கள் என்றார்கள். பெயர் கேட்டால் சொல்லக் கூடாதாம். எனக்குப் பெயர் தேவைப்படவில்லை.

இப்போது ஸ்டிக்கரை நாங்களே ஒட்டுகிறோம். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அன்றைக்கு உன் கவனம் எங்கே இருந்தது என்று கேட்டார்கள். மூக்கில் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

டிரைவர் ஐயாவை விட்டுவிட்டார்கள். அபராதம் போட்டு எச்சரித்தார்கள். வீட்டில் இருக்காமல் தினமும் கொட்டகை வாசலில் வந்து உட்காருகிறார். நான் வெளியே வந்தால் எழுந்து நிற்கிறார். எனக்கும் தெரியாது என்கிறேன். போய்விடுகிறார்.

ஒரு வரியாவது எழுது. கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினாலும் போதும்.

அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நேற்றிலிருந்து உட்கார முடிகிறது. போனில் பேசினால் மூச்சு வாங்குகிறது, அதனால் எழுதுகிறேன். மாமாவின் பல் என்னவாயிற்று?

இது மூன்றாவது துறைமுகத்து ஆஸ்பத்திரி. நானும் தையல்காரம்மாவும் ஒரே வராந்தாவில் பக்கத்துப் பக்கத்து அறைகள். ஒரு நர்ஸ் இருக்கிறாள், உன்னைப் போலவே பேசுகிறாள், அதாவது திட்டுகிறாள்.

உன் செய்தி கப்பலுக்கு வந்த அன்று அவரை அறையில் வைத்துப் பூட்டினார்கள். என்னையும் வேறொரு அறையில். கப்பல் கரையைத் தொட்டதும் எங்களைப் பின்பக்கப் படி வழியாக இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பஸ்கள் வரிசையாக நின்றன. ஒரு பஸ்ஸிலிருந்து ஒருத்தி இறங்கி, பயணிகளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்கார்ந்து கையை ஆட்டினார். அவள் பார்த்துவிட்டாள். ஓடிவரவில்லை. ஏறி உட்கார்ந்து, காலி பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஆஸ்பத்திரி வரை வந்துவிட்டாள். வரிசையில் நின்ற பயணிகள் நின்றபடியே நின்றார்கள். அதற்காக டிப்போவில் அவளுக்கு ஒரு வாரம் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். அந்த வாரம் முழுக்க ஜன்னலுக்கு வெளியேதான் நின்றாள். இப்போது வேலை முடிந்ததும் வருகிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மகள். சத்தம் கேட்காது. வாயசைத்துப் பேசிக்கொள்கிறார்கள். சண்டைகூடப் போடுகிறார்கள்.

நீ கேட்ட கேள்விகளுக்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன்.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் வீட்டில் அடுப்பு எரிந்தது. மாமா பல்லைப் பிடுங்கிவிட்டார். உனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா? மாடிப்படி ஏற முடிகிறதா? அந்த நர்ஸ் திட்டினால் கேட்டுக்கொள்.

கேள்விகளை நான் மறக்கவில்லை. இருக்கட்டும்.

டிரைவர் ஐயாவிடம் விவரம் சொன்னேன். மகள் பஸ்ஸோடு பின்னால் வந்தாள் என்றதும், "ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு பின்னாடி வந்தா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அவராகவே, "தள்ளித்தான் வந்திருப்பா" என்றார்.

பிறகு ஒன்று கேட்டார். அவர் செய்த காரியம் அந்த அம்மாவுக்குத் தெரியுமா? நோயோடு புருஷனை விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று அங்கே படுத்துக்கொண்டு வருத்தப்படுகிறாரா? நீ அவரிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதச் சொன்னார். மறுநாள் வந்து, சொல்லிவிடச் சொல்லி எழுதச் சொன்னார். அதற்கு மறுநாள் வந்தார், ஒன்றும் சொல்லாமல் போனார்.

நீ சொன்னாயா?

அக்கா

மார்ச் 27

அக்காவுக்கு,

நான் தேறிக்கொண்டிருக்கிறேன். நடக்கிறேன்.

தையல்காரம்மா செவ்வாய்க்கிழமை காலை இறந்துபோனார். தந்தி மாதிரி ஒரு தகவல் டிரைவர் ஐயாவுக்குப் போயிருக்கும். கடைசி நாட்களில் மகளைப் பாதுகாப்பு உடை போட்டு உள்ளே விட்டார்கள். உறை போட்ட கையால் அம்மாவின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். காரியம் இங்கேயே முடிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வேறு எழுத முடியவில்லை. வாண்டுகளைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ நடக்கிறாய் என்பது ஒன்றுதான் இந்த மாதத்தில் நல்ல செய்தி. இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

டிரைவர் ஐயா கொட்டகைக்கு வருவது நின்றுவிட்டது. நானே விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை. ஒன்றில் தையல் மெஷின், பாதி தைத்த யாரோ ஒருவரின் ஜாக்கெட். அதன் சொந்தக்காரி வந்து கேட்டாளாம், எப்படியிருக்கிறதோ அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். முகம் வற்றிப்போயிருந்தது. சமைப்பதில்லை போல.

"இங்கயே இருந்திருந்தா பொழச்சிருப்பா" என்றார்.

அங்கேயும் நல்ல ஆஸ்பத்திரிதான், என் தம்பியைப் பிழைக்க வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. பச்சைச் சீட்டைக் கையில வச்சுக்கிட்டு நல்லாயிருக்கோம்னு நம்பிப் போனா. நான் ஏமாத்தி அனுப்பி வச்சுட்டேன்."

இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். வரும்போது கதவைத் தாழ் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். போட்ட சத்தம் கேட்கவில்லை.

தம்பி, நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. அந்த அம்மாவிடம் நீ ஏதாவது சொன்னாயா, சொல்லவில்லையா? இனி யாருக்காக மறைக்க வேண்டும்?

அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போது ஆஸ்பத்திரிக்கு அருகில் ஒரு விடுதியில் இருக்கிறேன். பசிக்கிறது, தூக்கம் வருகிறது. கப்பல் கம்பெனி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இந்த நுரையீரலோடு கப்பல் வேலைக்கு ஏற்ற முடியாது என்று எழுதிவிட்டார். பயணியாக ஊர் திரும்பலாமாம், அதற்கும் இன்னும் ஒரு மாதம் போக வேண்டுமாம். நீ கவலைப்படாதே. போர்வை மடிப்பதை எங்கேயும் செய்யலாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். தையல்காரம்மா இருமியது, அவர் அறைக்கு நான் முதலில் போன அன்றே எனக்குத் தெரியும். மூன்றாவது துறைமுகம் வரை டாக்டரிடம் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்றேன். மாஸ்க் சில நேரம் போட்டேன், சில நேரம் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் கடிதம் வந்த பிறகு, அவர் கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு மத்தியானம் அறை வாசலில் நின்று சொன்னேன்: ஐயாவுக்கு நோயே இல்லை, ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியிருக்கிறார் என்று. அவர் ஆச்சரியப்படவில்லை.

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன் தம்பி. எங்குழாயில அவரு பேரை ஒட்டினாரு. அதையும் கோணலா ஒட்டினாரு. குச்சி விட்ட அந்தப் பொண்ணு பாத்தா சந்தேகப்படும்னு நான்தான் உரிச்சு நேரா ஒட்டினேன். அவரு தட்டைப் பாத்துக்கிட்டிருந்தாரு, கவனிக்கல."

அப்படியானால் ஏன் போக மாட்டேன் என்று அழுதீர்கள் என்றேன்.

"அழலைன்னா அவருக்கு மனசு கஷ்டப்படும்ல" என்றார்.

ஐயாவிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். தனக்காக அவர் தனியாக ஒன்று செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கட்டும், அதைக் கெடுக்காதே என்றார். அதனால்தான் உனக்கு எழுதவில்லை. உன் கடைசிக் கடிதத்தைப் படித்த பிறகு, அதைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை என்று தோன்றுகிறது. சொல்வதும் சொல்லாததும் உன் கையில்.

மகளிடம் நானே சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில், வண்டி கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, குழாயை மூடினாள்.

"டெஸ்ட்டுல ஏமாத்தறவங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன், தெரியவில்லை. மறுபடி குழாயைத் திறந்துவிட்டாள்.

தம்பி

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

மூச்சு எப்படி இருக்கிறது? இங்கே மாமா பல் போன இடத்தில் நாக்கை விட்டுக்கொண்டே இருக்கிறார், அது ஒன்றுதான் குறை.

வேலை போனதற்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீ சரி என்று சொன்னதற்கும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நேரில் வா, அப்போது பார்க்கலாம்.

டிரைவர் ஐயாவிடம் சொல்லிவிட்டேன். முழுக்கச் சொன்னேன்.

"நேரா ஒட்டினாளா?"

"ஆமாங்க."

"அவளுக்குக் கோணல் ஆகாது" என்றார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டார்.

இன்று காலை என் வரிசையில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, ஒரு சின்னப் பை. குச்சியை விட்டேன், கண் கலங்கியது, எல்லோருக்கும் கலங்கும். கிருமி இல்லை. பச்சைச் சீட்டைக் கொடுத்தேன். மகளுக்குச் சொல்லிவிட்டீர்களா என்றேன். யார் மூலமாகச் சொல்வது, அவள்தான் பேசுவதில்லையே என்றார்.

நீ துறைமுகத்துக்குப் போகாதே. வெயில் உனக்கு ஆகாது. அவளிடமும் எதுவும் சொல்லி வைக்காதே. நாம் இதில் தலையிட்டது போதும்.

அக்கா

ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போது நிற்காமல் மாடி ஏறுகிறேன். அடுத்த வாரக் கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது. உன் சொல்லைக் கேட்டு மகளிடம் வாய் திறக்கவில்லை. துறைமுகத்துக்கு மட்டும் போனேன். நிழலில்தான் உட்கார்ந்திருந்தேன், கோபப்படாதே.

டிரைவர் ஐயா கூட்டத்தோடு இறங்கினார், நீ எழுதிய இஸ்திரி சட்டையையும் சின்னப் பையையும் வைத்து அடையாளம் தெரிந்தது. பஸ் வரிசையில் நின்று ஒவ்வொரு வண்டியின் ஓட்டுநர் இருக்கையையும் பார்த்தார். தன் முறை வந்தபோது பின்னால் நின்றவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கினார். இரண்டு வண்டிகளை அப்படி விட்டார். அவள் வண்டி வந்ததும் ஏறினார், கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்தார். அவள் திரும்பவில்லை. மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் வண்டி கிளம்பவில்லை. யாரோ குரல் கொடுத்த பிறகு கிளம்பியது.

ஊருக்குள் போய்த் திரும்பி வந்தது. எல்லோரும் இறங்கியிருந்தார்கள், அவர் இறங்கவில்லை, அதே இடத்தில் இருந்தார். புதிய கூட்டம் ஏறியது, மறுபடி போனது. மறுபடி வந்தது. டிக்கெட் பார்க்கிறவர் அவரிடம் போய் ஏதோ கேட்டார். முன்னாலிருந்து அவள் என்னவோ சொன்னாள், டிக்கெட்காரர் அவரை விட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

மத்தியானம் வரை இப்படியே போய் வந்துகொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய்விடலாம் என்று நினைத்த நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. அவர் முன் இருக்கையில், அவளுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்ட மாதிரி இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கப்பல் சங்கு ஊதியது. அவர் இறங்கவில்லை.

மாமாவுக்கும் வாண்டுகளுக்கும் என் அன்பு. நான் வரும் அன்று கொட்டகையில் நீதானே இருப்பாய்? குச்சியை மெதுவாக விடு.

உன் தம்பி